மாதா வரும் வீட்டில் திரை போடக் கூடாது

ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் செபமாலை மாதம் பிறந்ததும், இதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து வைப்பேன். பிறகு அதே தாளில் கடைக்குப் போகச் சாமான் எழுதிக் கொடுத்துவிடுவேன். இப்படியே வருஷங்கள் போய்விட்டன. பயம்தான் காரணம். எனக்காகப் பயப்படவில்லை. இதில் வரும் ஒரு மனிதர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். அவர் செய்தது மேலே தெரிந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இப்போது அவர் பென்ஷன் வாங்கி, கண்ணையும் மூடிவிட்டார். இனி யாரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பர்மிய எழுத்து. தமிழ் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உபதேசியார் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்தது ரங்கூனில், க்யிம்யிண்டைங் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பெரும்பாலும் தமிழ் வீடுகள். நாங்கள் சில கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள், சில இந்துக்கள், முனையில் பாய் கடை. என் வீட்டுக்காரர் படகுத்துறையில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தார். நான் காலையில் சந்தை வாசலில் அவித்த பட்டாணி விற்பேன். ஆற்றில் வெள்ளம் ஏறினால் சாக்கடை வழியாக எங்கள் சந்துக்குள் தண்ணீர் வரும், இறங்கும்போது குப்பையை விட்டுவிட்டுப் போகும். நாங்கள் குடிக்கிற தண்ணீரின் குழாய் அந்தச் சாக்கடைக்குள்ளேதான் படுத்திருந்தது. துருப்பிடித்து, ஒட்டுப்போட்ட இடமெல்லாம் கசியும். பக்கத்துத் தெருவுக்கும் அதே ஆறு, அதே மழை. ஆனால் அங்கே குழாயை எப்போதோ மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களிடம் ரோஸ் நிற அடையாள அட்டை இருந்தது, முழுக் குடிமக்களின் அட்டை. எங்களில் சிலரிடம் வேறு நிறம். சிலரிடம் தாத்தா காலத்து வெளிநாட்டார் பதிவுத் தாள். சிலரிடம் ஒன்றுமே இல்லை, இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவர்களிடம்கூட.

அட்டை இல்லாதவர்களில் ஒருத்தி என் நாத்தனார். கியாக்தானில் மீன்பிடிக்கப் போன புருஷன் திரும்பி வராமல் போனதும், கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த நாளில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் வெளியூர் ஆள் ராத்திரி தங்கினால், அன்று இரவு ஒன்பது மணிக்குள் வட்டார அலுவலகத்தில் போய் விருந்தாளி என்று எழுதி வைக்க வேண்டும். எழுத அட்டை கேட்பார்கள். அவளிடம் அட்டை இல்லை, அதனால் எழுதவில்லை. எழுதாமல் தங்கியது தெரிந்தால் வீட்டுத் தலைவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வந்த அன்று எழுதாமல் விட்டது, அப்படியே மாதங்கள் ஆயின. வாசலில் அந்நியக் குரல் கேட்டால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னறைத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். பிள்ளை அழாமலிருக்கப் பழகிவிட்டது. நடக்கப் பழகுமுன் வாயை மூடப் பழகிய பிள்ளை.

எங்கள் வீடு மட்டும் அப்படியில்லை. சந்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் திரைக்குப் பின்னால் யாராவது இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை ஓயும் சமயம், வயிற்றுப்போக்கு வந்தது. வருஷாவருஷம் வருவதுதான், அந்த வருஷம் முரட்டுத்தனமாக வந்தது. முதலில் பாய் கடை பாயின் பேத்தி போய்விட்டாள். காலையில் கடை வாசலில் விளையாடிய பிள்ளை, மறுநாள் இல்லை. அது நடந்த சில நாளில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சயாமா வந்தார். நர்ஸம்மாவை நாங்கள் சயாமா என்போம். நல்ல மனுஷி, பர்மாக்காரர், என்னிடம் பட்டாணி வாங்குபவர். ஆனால் கூடவே வட்டார அலுவலக எழுத்தரும் வந்தார். சாயேஜி என்று கூப்பிடுவோம் அவரை. சயாமா தனியாக வீடு வீடாகப் போகக் கூடாது, அவர் கூட வர வேண்டும் என்பது ஏற்பாடு.

சாயேஜியின் குடையைச் சந்து முனையில் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. அவர் வந்தால் அட்டை பார்க்கத்தான் வருவார் என்பது எங்களுக்குப் பழக்கம்.

"வீட்ல யாருக்காவது வயிறு சரியில்லையா?" என்று சயாமா கேட்டார்.

"இல்ல சயாமா, எல்லாரும் சௌக்கியம்."

"ராத்திரி எத்தனை பேர் படுக்கிறீங்க?"

"பதிவுல உள்ளவங்கதான்."

எல்லா வீட்டிலும் இதே பதில். பேத்தியைப் புதைத்துவிட்டு வந்த பாய்கூட, "காய்ச்சல்ல போச்சும்மா" என்றார். அந்தப் பிள்ளையின் பெயரும் பதிவில் இல்லை. என் வாயிலிருந்தும் அதே சொல்தான் வந்தது. அப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நோய் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தோம். கொய்யா இலை அவித்துக் கொடுத்தோம். கொடுத்ததெல்லாம் வெளியே போயிற்று. நாத்தனார் பிள்ளையின் துணியை மாற்றி மாற்றி, கடைசியில் என் பழைய லுங்கியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

குழாயைத் தூக்கிக் கட்டச் சொல்லி என் வீட்டுக்காரரும் உபதேசியாரும் நகரசபையின் தண்ணீர்ப் பகுதிக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் வெற்றிலையைக் குதப்பியபடி ஒரு மேஸ்திரி இருந்தாராம். "கலா சந்துக்குக் குழாய் எதுக்கு? ஆறே உங்க வாசலுக்கு வருதே" என்று சொல்லிச் சிரித்தாராம். இந்திய வம்சத்தாரான எங்களை இளப்பமாக அப்படித்தான் சொல்வார்கள், கலா என்று. கேட்டுக் கேட்டுக் காது காய்த்துவிட்டது. பிறகு அவர் ஒரு தாளைத் தட்டிக் காட்டினாராம். "நோய் இருக்குற தெருவுக்குத்தான் முதல்ல குழாய் வேலை. சுகாதாரத் துறை எழுதிக் கொடுத்திருக்கு, உங்க சந்துல ஒரு நோயாளியும் இல்ல. நீங்க வேற நோய் நோய்னு சொல்றீங்க. யாரு பொய் சொல்றது?"

திரும்பி வந்து என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "நம்ம பொய்யே நம்ம முகத்துல வந்து விழுது" என்றார்.

மறுநாள் காலை பட்டாணிக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். சயாமா வந்து வழக்கம்போல் வாங்கவில்லை, குந்திக்கொண்டார்.

"அமா, கையைக் காட்டுங்க."

அமா என்றால் அக்கா. காட்டினேன். துணி துவைத்துத் துவைத்து விரல் தோல் உரிந்திருந்தது.

"என் பேப்பர்ல உங்க சந்துல ஒருத்தருக்கும் வயிறு வலிக்கல. அப்புறம் ஏன் உங்க சந்து மருந்துக்கடை உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தையெல்லாம் வாங்கித் தீக்குது?"

நான் கூடைத் துணியை இழுத்து மூடினேன்.

"நான் அட்டை பாக்குறவ இல்ல, அமா."

"நீங்க இல்ல. கூட வர்றவரு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவரு இல்லாம எனக்கு உங்க வாசல் தாண்ட உரிமை இல்ல. மேஸ்திரி என் எழுத்து இல்லாம குழாயைத் தொட மாட்டாரு. என் எழுத்துக்குச் சாயேஜி கையெழுத்து வேணும். மூணு பேரும் ஒரே ரோட்டுலதான் ஆபீஸ் வச்சிருக்கோம். சேர்ந்து ஒரு டீ குடிச்சதில்ல."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு மாதா வருகிற முறை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்டோபர் மாதம் கோயிலிலிருந்து மாதா சுரூபம், அதாவது சிலை, புறப்பட்டு வீடு வீடாகப் போகும். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. அக்கம்பக்கமெல்லாம் கூடிச் செபமாலை சொல்வோம். எங்கள் சந்தில் எல்லா மதத்தவரும் வருவார்கள், பாய் எலுமிச்சைத் தண்ணீருக்குச் சர்க்கரை அனுப்புவார். எங்கள் பெரியவர்கள் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. மாதா வரும் வீட்டில் கதவு, ஜன்னல், திரை எதுவும் மூடியிருக்கக் கூடாது. உபதேசியார் சுரூபத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போவார். ஓர் அறை விட்டுப்போனால் மாதாவை வாசலோடு திருப்பி அனுப்பியது போல. ஐந்து பேருக்கு மேல் கூடுவதால் வட்டார அலுவலகத்துக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதனால் சாயேஜி தினமும் வந்து வாசலோரம் நிற்பார்.

"இன்னிக்கு எங்க வீட்டுக்கு வாங்க சயாமா. செபத்துக்கு வாங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல நாக்கு எழவில்லை. அவருக்கு விளங்கியது.

"வர்றேன். ஆனா தனியா வந்து பிரயோசனமில்ல. மேஸ்திரியையும் கூட்டிட்டு வர்றேன்."

"ஐயோ, வேணாம் சயாமா!"

"கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்னு சொல்றாரு. பாக்கட்டும்." எழுந்து போய்விட்டார்.

நான் ஒருத்தரைக் கூப்பிட்டேன், மூன்று துறையும் வருகிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? நம்ம முறையை அடுத்த வீட்டுக்கு மாத்திவிடு."

"மாதாவை வேணாம்னு சொல்லவா?"

"மாதா வரட்டும். பின்னறைப் பக்கம் வேணாம். நான் உபதேசியார்கிட்ட சொல்லிக்கிறேன்."

"புள்ள கண்ணு உள்ள போயிடுச்சுங்க. நீங்களே பாருங்க. தோலைப் பிடிச்சா பிடிச்சபடியே நிக்குது."

அவர் போய்ப் பார்த்தார். வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அண்ணி, அண்ணனைப் பிடிச்சிட்டுப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் இவளைத் தூக்கிட்டு இப்பவே கியாக்தான் போயிடுறேன்."

"பஸ்ல போய்ச் சேர்றவரைக்கும் இருப்பாளா இவ?" என்றேன். சொன்ன பிறகு என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் அழவும் இல்லை. திரையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. முன்னறையில் பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றினேன். சந்தே வந்துவிட்டது. சாயேஜி குடையோடு வழக்கமான இடத்தில், வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். சயாமா பின்னால், அவருக்குப் பக்கத்தில் மேஸ்திரி. மேஸ்திரி வரும் வழியில் சாக்கடைத் தண்ணீரில் காலை விட்டுவிட்டார் போல, லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுலதான் நடக்குறீங்களா?" என்றார். வாசலில் நின்ற பாய் அவரிடம் அமைதியாக, "நடக்குறதோட விடல ஊலே, குடிக்கவும் குடிக்கிறோம்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

செபமாலை தொடங்கியது. என் விரல் மணியில் நகர்ந்தது, காது பின்னறையில் இருந்தது. பிள்ளை சத்தமே போடவில்லை. முன்பெல்லாம் அது சத்தம் போடாவிட்டால் நிம்மதி. அன்று அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. செபம் முடிந்து மாதா பாட்டு தொடங்கியதும் உபதேசியார் சுரூபத்தை ஏந்தினார். சமையலறைக்குப் போனார், தீர்த்தம் தெளித்தார். திரும்பிப் பின்னறை வாசலுக்கு வந்தார். அங்கே திரை தொங்கியது. திரைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார்.

உபதேசியார் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, மாதாவை ஏந்தியபடி நின்றார். பாட்டு ஓய்ந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் திரைக்குப் பின்னால் யார் என்று தெரியும். எல்லாருக்கும் தங்கள் வீட்டுத் திரை கண்ணில் வந்திருக்கும். யாரோ ஒரு பிள்ளை இருமியது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

"அகோ, ஏன் திரை?" என்று வாசலிலிருந்து சாயேஜி என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் பல வருஷம் இந்தச் செபத்துக்கு வந்து நின்றவர். வழக்கம் அவருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் திரையோரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்தேன். அவர் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டுத் திரையை இழுத்தேன். கயிறோடு அறுந்து கையில் வந்துவிட்டது.

நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. வாய் திறந்திருந்தது. கண் பாதி மூடி.

சயாமா யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையின் வயிற்றுத் தோலைப் பிடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். "உடனே குளுக்கோஸ் ஏத்தணும். வண்டி கூப்பிடுங்க. நல்லா கேட்டுக்குங்க, உடனே!"

சாயேஜி உள்ளே வந்துவிட்டார். குடையை மடக்கினார். "இது யாரு?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா இங்க?"

சயாமா பிள்ளையைத் தூக்கியபடி திரும்பினார். "சாயேஜி, செபத்துக்கு வெளியூர்லருந்து விருந்தாளி வர்றது வழக்கம்தானே? இன்னும் இன்னிக்கு விருந்தாளி எழுதுற நேரம் முடியலியே?"

"எழுதலாம். அட்டை வேணும்."

"நோயாளிக்கு நான் சீட்டு தர்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டு. அதைப் பாத்து எழுதுங்க."

"அப்படி எழுதுற வழக்கம் இல்ல, சயாமா. நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"நாளைக்குக் கேக்கட்டும். இந்தப் புள்ளைக்கு நாளைக்குன்னு ஒண்ணு வேணும்."

சாயேஜி பிள்ளையைப் பார்த்தார். பிறகு உபதேசியார் கையிலிருந்த சுரூபத்தைப் பார்த்தார். அவர் புத்தரை வணங்குகிறவர். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். மேஸ்திரிதான் முதலில் பேசினார். "எழுதுய்யா. என் காலு இன்னும் நாறுது. இந்தத் தண்ணிய குடிச்சா எவனுக்கும் இதான் கதி."

சாயேஜி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாதாவுக்குப் போட்ட பலகையின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினார். செபத்துக்கு வந்த விருந்தாளி, தாயும் பிள்ளையும், வந்த நாள் இன்று.

சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் சயாமா பிள்ளையோடு ஏறினார், நாத்தனார் பக்கத்தில். வண்டி சந்தைத் தாண்டும்போதுதான் பாய் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சாயேஜி, என் பேத்தி காய்ச்சல்ல போகல. வயித்தாலதான் போச்சு. அவளையும் எழுதிக்குங்க."

அவர் குரல் உடைந்ததும் கூட்டம் உடைந்தது. "எங்க வீட்லயும் ரெண்டு பேருக்கு." "எங்க வீட்டுக்கு வாங்க சாயேஜி, என் தங்கச்சி மகன்." சாயேஜி கையை உயர்த்தினார். "நான் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி எழுத முடியாது. என்னைத் தொலைச்சிடுவாங்க. நோய் இருக்குன்னு மட்டும் கையெழுத்துப் போடுறேன். ஆளை எண்ண மாட்டேன், நோயை எண்ணுறேன்." அதுதான் அவரால் முடிந்தது. அதையும் செய்யாமல் போயிருக்கலாம்.

பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் சயாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்று நாத்தனார் சொன்னாள். வாசலில் அட்டை கேட்டபோது, சாயேஜி எழுதிய தாளும் சயாமாவின் சீட்டும்தான் காப்பாற்றின.

சயாமாவின் எழுத்து நகரசபைக்குப் போயிற்று, சாயேஜியின் கையெழுத்தோடு. நகரசபை குழாய் கொடுத்தது, ஆள் கொடுக்கவில்லை. எங்கள் சந்து ஆண்கள் தோண்டினார்கள், மேஸ்திரி வெற்றிலையைத் துப்பித் துப்பி வைதுகொண்டே நின்று குழாயை மேலே ஏற்றினார். "ஆத்தை இனிமே ஆத்துலயே வச்சிக்குங்க" என்றார். கலா என்று அதற்குப் பிறகும் சொன்னார். ஆனால் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் சந்தில் வயிற்றுப்போக்கில் பிள்ளை சாகவில்லை. பென்ஷன் வாங்கும்வரை சயாமா ஒவ்வொரு அக்டோபரிலும் மாதாவோடு வீடு வீடாக வந்தார், பையில் சொட்டு மருந்தும் ஊசியும் இருக்கும். அந்த ஒரு மாதம் எங்கள் வீடுகளில் திரை இருக்காது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாயேஜியை மழை முடிந்ததும் வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்தவர் என் வீட்டுக்காரரை இரண்டு முறை கூப்பிட்டு உட்கார வைத்தார். நாத்தனாருக்கு இன்றும் அட்டை இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து லைங் தாயாவில் தையல் ஆலையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அட்டை இல்லை. ஆலை பஸ்ஸில் யாராவது அட்டை கேட்டால் இப்போதும் அவள் முகம் அன்றைக்குப் போலவே அமைதியாகிவிடும்.

இனிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் சந்தில் இதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மாதா வந்ததும் திரை தானாக அறுந்து விழுந்தது என்கிறார்கள். சாயேஜி முழங்காலில் விழுந்து அழுதார் என்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. திரையை இழுத்தது என் கை, கயிறு பழையது. சாயேஜி நின்றுகொண்டே, பயந்துகொண்டே எழுதினார். மாதா செய்தது எனக்குத் தெரியும். அவள் வந்தாள், எங்கள் வாசலில் நின்றாள், நாங்கள் திறக்கும்வரை நின்றாள். எனக்கு அது போதும். புதுமை, அதாவது அற்புதம், என்று சொல்லிவிட்டால், அந்த மூன்று பேரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும். அடுத்த சந்தில் பிள்ளைக்கு நோய் வந்தால், திரை தானாக விழட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்கவோ, மேஸ்திரியின் வாய்க்கு மெருகு போடவோ வேண்டாம். பாயின் பேத்தியையும் விட்டுவிடாதீர்கள், அவளை அன்றுதான் எழுதிக்கொண்டார்கள்.